அண்ணன் கட்டிய காப்பு

செனாய் ஊருக்கு ஆறு கல் தள்ளியிருந்த மூங்கில்பால ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மன் கொடி ஏறிவிட்டால், துரையின் சட்டத்துக்கு இரண்டாம் இடந்தான். முதல் சட்டம் பூசாரி காளியப்பனுடையது. மற்ற நாட்களில் அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பேர் கொடுக்கிறவர்தான். ஆடி பிறந்து மஞ்சள் வேட்டி கட்டிவிட்டாரென்றால் கணக்கெழுதும் கிராணிகூட அவர் எதிரே சுருட்டை மறைத்துக்கொள்வார்.

தீமிதிக்கு வேண்டிக்கொண்டவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்துக் கையில் காப்புக் கட்டுவார். கட்டிக்கொண்டவர் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறக்கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அந்த வீட்டில் கல்யாணம் நடக்கக்கூடாது. காப்புக் கட்டிக்கொண்டவரை யாரும் கை நீட்டி அடிக்கக்கூடாது, வாய் நீட்டி ஏசவும் கூடாது. என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்கமாட்டார், கட்டிக்கொள்கிறவரும் சொல்லமாட்டார். கட்டும் நேரத்தில் சொன்னால் பலிக்காது என்பது காளியப்பன் வாக்கு. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், அதுவும் வேண்டியவர் தீ மிதித்து முடித்த பிறகு.

இதில் அவர் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு அய்யாவுதான் சாட்சி. ஒரு வருஷம் அய்யாவு காப்புக் கட்டிய நான்காம் நாள், அதே லயத்தில் நான்கு கதவு தள்ளி அவன் அப்பா செத்துப்போனார். ஒரு தடவை முகம் பார்த்துவிட்டு வருகிறேன், அவிழ்த்துவிடுங்கள் என்று காளியப்பன் காலில் விழுந்தான் அய்யாவு. காளியப்பனுக்கும் கண் கலங்கியது. "நான் கட்டினாலும் அது என் முடிச்சு இல்ல, அய்யாவு. அம்மன் முடிச்சு" என்று சொல்லித் தூக்கி நிறுத்தினார். பெற்ற பிள்ளை இருக்க, யாரோ கொள்ளி வைத்தார்கள். அய்யாவு ஓடைக்கு அப்பால் மரத்தைக் கட்டிக்கொண்டு, பாடை போவதைப் பார்த்தான். அன்றிலிருந்து அந்த மஞ்சள் கயிறு என்றால் தோட்டமே நடுங்கும்.

அந்தக் காளியப்பனுக்கு ஒரே தங்கை அங்கம்மா. இது அவளுடைய கதை.

ஏழு வயதில் தாயையும் தகப்பனையும் ஒரே காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அன்று முதல் அவளுக்குத் தலை வாரிவிட்டது, பல் விளக்கப் பழக்கியது, பால்மரத்தில் கோடு போட உளி பிடிக்கச் சொல்லித் தந்தது எல்லாம் மூத்த அண்ணன் காளியப்பன். நடு அண்ணன் அர்ச்சுனன் விளையாட்டுத் துணை. மூத்த அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அண்ணி வெள்ளையம்மா வந்து அந்த வீட்டை வீடாக்கினாள். பத்தடி அறையில் நான்கு உயிர். ஒருவர் இருமினால் மூவர் எழுந்து தண்ணீர் கொடுப்பார்கள். அண்ணன் கிழித்த கோட்டை அங்கம்மா இருபது வயதுவரை தாண்டியதில்லை.

1932-ஆம் ஆண்டு மார்கழியில் காளியப்பனைக் காய்ச்சல் பிடித்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்றார் தோட்டத்து மருந்தறை டிரசர். ரப்பர் ஷீட்டுகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் மாட்டு வண்டிக்காரன் சவரிமுத்து, பாதிச் சரக்கை மழையில் இறக்கிப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிப் படுக்க வைத்தான். வழி முழுதும் அவன் ஒரு கையில் மாட்டுக் கயிறும் மறு கையில் செபமாலையுமாக முணுமுணுத்துக்கொண்டே போனான். பின்னால் அண்ணன் தலையை மடியில் வைத்து அங்கம்மா மாரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் இரண்டு குரலும் ஒரே தாளத்தில் விழுந்ததை இருவருமே கவனித்தார்கள். கவனித்தும் நிறுத்தவில்லை.

காளியப்பன் பிழைத்தார். அம்மன் காப்பாற்றினாள் என்றார். அங்கம்மா மறுக்கவில்லை. ஆனால் அன்று வண்டியில் இரண்டு பேர் கேட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வண்டி பால் கொட்டாய்க்கு வரும் நேரமும் அவள் பால் வாளியோடு வரும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே அமைந்தன. பார்வை பேச்சாகி, பேச்சு உறுதியாக ஆறு மாதம் பிடித்தது. அங்கம்மா கனவில் மிதக்கிறவள் அல்ல. ஒருநாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகவே கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு வந்தா என் பொட்டு?"

"அது உன் நெத்தி" என்றான்.

"பேரு?"

"ஆறு மாசமா அங்கம்மா அங்கம்மான்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன். இப்ப மாத்தினா சாமிக்கு ஆள் தெரியாது லா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பிள்ளைகள் என்றாள். சவரிமுத்து சிரிக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவினான். "அது நீயும் நானும் சண்டை போட்டுத்தான் முடிவு பண்ணணும்" என்றான். இனிப்பாக ஒரு பொய் சொல்லித் தப்பிக்காத அந்தப் பதிலுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தாள்.

சவரிமுத்து ஒளிந்து விளையாடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்துக்கு வந்து, நாலு பேர் பார்க்கக் காளியப்பனிடம் பெண் கேட்டான். காளியப்பன் கத்தவில்லை. உயிர் கொடுத்தவன் என்று காப்பி கொடுக்கச் சொன்னார். அவன் குடித்து முடித்தபின், வேதக்காரனுக்கு அம்மன் வீட்டுப் பெண்ணைக் கொடுத்தால் மறுநாள் நான் எந்தக் கையால் கற்பூரம் காட்டுவேன், அந்தக் காய்ச்சலில் செத்திருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் கடைசி வார்த்தையில் அங்கம்மா பாதி செத்தாள். மீதிப் பாதிக்குத்தான் கோபம் வந்தது.

பத்து நாளில் பொந்தியானில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அன்னாசித் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த ஜெயபாலன், நல்ல பையன்தான். ஆடித் திருவிழா முடிந்து ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றினார்கள். அங்கம்மாவை யாரும் கேட்கவில்லை. அண்ணி மட்டும் கதவோரம் நின்று, "அழுதுடு அங்கம்மா, கொஞ்சம் லேசாகும்" என்றாள். அங்கம்மா அழவில்லை. எனக்கு வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் காளியப்பன் அவள் தலையை ஏழு வயதுப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலத் தடவிவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

1933 ஆடியில் கொடி ஏறியது. காப்புக் கட்ட நின்ற வரிசையில் கடைசியாக, ஈரச் சேலையோடு அங்கம்மா வந்து நின்றாள். காளியப்பன் முகம் மலர்ந்துபோயிற்று. தன் காய்ச்சல் தீர்ந்ததற்காகத் தங்கை வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வழக்கப்படி அவர் கேட்கவில்லை, வழக்கப்படி அவளும் சொல்லவில்லை. நீட்டிய இடது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டார். மற்றவர்களுக்கு இரண்டு முடிச்சுதான். மூன்றாவது அண்ணன் பாசத்துக்கு.

தீமிதி அன்று மற்ற எல்லோரும் இறங்கி ஓடி முடித்தார்கள். அங்கம்மா மட்டும் குழியின் விளிம்பில் நின்றுவிட்டாள். மேளம் மூன்று தரம் உரத்து, மூன்று தரம் தணிந்தது. பயந்துவிட்டாள் என்றார்கள். காளியப்பன் பதறி ஓடிவந்தார்.

"பயம் இல்லண்ணே" என்றாள் அங்கம்மா. அவள் குரல் மேளத்துக்குப் பின் விழுந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "என் அண்ணன் தன் கையால என்னைச் சவரிமுத்துக்குக் கொடுத்தா நான் பூக்குழியிலே இறங்கறேன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க இன்னும் கொடுக்கல. நான் எப்படி இறங்கறது?"

வேண்டுதல் நிறைவேறாமல் தீ மிதிக்க முடியாது. தீ மிதிக்காமல் காப்பு அவிழாது. காப்பு அவிழாத வீட்டில் கல்யாணம் இல்லை. அய்யாவுவின் அப்பா பாடை போன நாளில் காளியப்பனே தோட்டத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவரால் இப்போது ஏசக்கூட முடியாது, அவள் கையில் அம்மன் இருந்தாள்.

பொந்தியான்காரர்கள் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். ஐப்பசியில் ஜெயபாலனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி மூங்கில்பாலத்தில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். வாழ்ந்தவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. காப்பு இருக்கும் வீட்டில் கவுச்சி ஆகாதென்பதால் கருவாடு போயிற்று, நெத்திலி போயிற்று, முட்டை போயிற்று. கொல்லைக் கோழிகளை அடிக்க வழியில்லாமல் அவை பெருகி முப்பதைத் தாண்டின. கதவைத் திறந்தால் கோழி, பாயைச் சுருட்டினால் கோழி. அர்ச்சுனன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். திருட்டுத்தனமாக அய்யாவு வீட்டில் மீன் தின்றுவிட்டு வந்தால், வெள்ளையம்மா வாசலிலேயே மோப்பம் பிடித்து ஓடையில் முழுகிவிட்டு வரச் சொல்வாள். "உனக்குக் கல்யாணம் ஆகுதோ இல்லியோ, நான் சந்நியாசி ஆயிட்டேன்" என்று அவன் தங்கையிடம் முறையிடுவான்.

காளியப்பன் தங்கையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஏச முடியாத கோபத்தைக் கோழிகளிடம் தீர்த்துக்கொண்டார். சோறு போட்டு வளர்த்தவன் மண்டையிலேயே ஏறி உட்காருகிற ஜென்மங்கள் என்று ஒரு சேவலைப் பார்த்துச் சொல்வார். அங்கம்மா சோற்றுத் தட்டோடு அவர் பக்கத்திலேயே நிற்பாள். தட்டை வாங்கிக்கொள்வார். அவள் போட்டால்தான் சாப்பிடுவார். அந்தப் பழக்கத்தை மட்டும் கோபத்தாலும் அறுக்க முடியவில்லை.

அங்கம்மா கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் நெஞ்சில் இருந்த முள் அவர்களுக்குத் தெரியாது. அம்மனைத் தடியாக்கி அண்ணனை அடிக்கிறேனோ என்பதுதான் அது. ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்று கேட்டே விட்டாள்: நான் செய்வது தப்பென்றால் இந்தக் கயிறு தானாக அறுந்து விழட்டும், நான் ஒட்டுப்போடமாட்டேன், அண்ணன் சொன்ன இடத்துக்குத் தலை குனிந்து போகிறேன். அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பாள். நூல் கயிறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆனால் அவள் பால் வெட்டுகிறவள். மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து வாளியில் ஊற்றும்போதெல்லாம் பால் தெறித்துக் கயிற்றில் விழும், விழுந்தது உறையும், உறைந்ததன்மேல் மறுநாள் விழும். ஆறு மாதத்தில் மஞ்சள் கறுத்து, கயிறு ரப்பராகவே ஆகிவிட்டது. அம்மன் பாதி காப்பாற்றுகிறாள், மரம் பாதி காப்பாற்றுகிறது என்றாள் வெள்ளையம்மா. நாளாக நாளாக அவள் எந்தப் பக்கம் பேசுகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

காப்புக் கட்டிய பெண்ணிடம் சவரிமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நோன்பை அவன் மதித்தான். ஆனால் அவள் வாய் கட்டிய நாள் முதல் அவனும் மீனும் கறியும் தொடவில்லை. வண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள். உங்கள் தபசு காலம் நாற்பது நாள்தானே, உனக்கு மட்டும் என்ன முந்நூறு நாள் என்றார்கள். அவன் மாட்டின் கொம்பில் ஒரு மஞ்சள் கயிறு ஆடுவதைப் பார்த்து இதென்ன கூத்து என்று அய்யாவு கேட்டானாம். "நான் கட்டிக்க முடியாது. மாட்டுக்கு வேதம் ஏது?" என்றானாம் சவரிமுத்து. வண்டி பாலத்தில் ஏறும்போதெல்லாம் அங்கம்மா அந்தக் கொம்பைத் தேடுவாள். ஒரு வருஷக் காதலுக்கு அவளுக்குக் கிடைத்த கடிதம் அந்தக் கயிறு ஒன்றுதான்.

அடுத்த ஆடி வந்தது. துரை திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார். கொடிமரத்துக்கு மஞ்சள் பூசிக் காலையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது: பழைய காப்பு ஒன்று அவிழாமல் இருக்கும்போது புதுக் கொடி ஏறக்கூடாது.

பெரிய கங்காணிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பெண்பிள்ளை பிடிவாதத்துக்கு முந்நூறு பேர் திருவிழா நிற்பதா என்றார். ஒரு பால்வெட்டு உளியை வாங்கிக் காளியப்பன் கையில் திணித்தார். "கட்டினவன் நீ. அறுக்கறதும் உன் கைதான். தோஷம் இல்ல, அறு."

காளியப்பன் உளியோடு தங்கையின் முன்னே வந்து நின்றார். ஒரு வருஷத்தில் அவர் மீசை வெளுத்திருந்தது. அங்கம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. நன்றாக நீட்டினாள்.

"அறுங்கண்ணே. ஆனா அறுக்கறதுக்கு முந்தி அம்மனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் கட்டினது வெறும் நூலுன்னு சொல்லுங்க. அப்புறம் நான் உங்க பேச்சைத் தட்டமாட்டேன். பொந்தியானோ எங்கியோ, கண்ண மூடிக்கிட்டுப் போறேன்."

உளி மணிக்கட்டைத் தொட்டது. அவள் இமைக்கவில்லை. கண்ணுக்குள்ளே ஏழு வயதில் தலை வாரிவிட்ட அண்ணன் கை, எண்ணெய் தடவிய சீப்பு, எல்லாம் வந்து போயின. தோற்றுவிடுவோமா என்று முதல் முறையாகப் பயந்தாள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அய்யாவு முன்னே வந்தான். அதிகம் பேசாதவன். கங்காணிக்கு முன்னால் தோளிலிருந்த துண்டைக்கூட எடுக்கவில்லை. "பூசாரியண்ணே, அது வெறும் நூலுன்னா, என் அப்பன் மொகத்தை எனக்குத் திருப்பிக் கொடுங்க" என்றான். "கொடுத்துட்டு அறுங்க."

உளி கீழே விழுந்தது. காளியப்பன் தலையில் கை வைத்துக் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, யாரும் அவரைத் தொடத் துணியவில்லை. பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டிக்காரனைக் கூப்பிடுங்கள் என்றார்.

சவரிமுத்து கோயில் எல்லைக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். பழக்கத்தில் காளியப்பனின் கை திருநீற்றுத் தட்டுக்குப் போய், பாதியில் திரும்பியது. சவரிமுத்து சந்நிதிக்குக் கும்பிடு போடாமல் காளியப்பனுக்குத் தலை வணங்கினான். அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டு இவ்வளவு திமிரா என்று ஒரு குரல் எழுந்தது. அங்கம்மா அந்தக் குரல் வந்த பக்கமே திரும்பினாள். "தன் சாமிய விட்டுட்டு வர்றவரு நாளைக்கு என்னையும் விட்டுடுவாரு. அவரு இப்படியே இருக்கட்டும். நானும் இப்படியேதான் இருப்பேன்" என்றாள்.

காளியப்பன் அவள் கையைப் பிடித்தார். கறுத்த காப்போடு அந்தக் கையைச் சவரிமுத்துவின் கையில் வைத்தார். "கொடுத்தேன்" என்றார். தன் கையை எடுத்துக்கொண்டு, "ஆனா மன்னிக்கல" என்றார்.

"நான் மன்னிப்புக் கேக்கலியே அண்ணே" என்றாள் அங்கம்மா. "உங்க கையைத்தானே கேட்டேன்."

அன்று மத்தியானமே பட்டுப்போன பால்மரக் கட்டைகளை அடுக்கி அவளுக்கு மட்டும் ஒரு குழி மூட்டினார்கள். வெயில் சாயும் நேரம் அங்கம்மா கங்கில் இறங்கினாள். ஓடவில்லை. ஒரு வருஷம் நடந்தவளுக்கு அந்தப் பதினைந்தடி பெரிதாகப் படவில்லை. மறுகரையில் காளியப்பன் காத்திருந்தார். காப்பை அவிழ்க்க விரல் வைத்தால் முடிச்சு அசையவில்லை. ரப்பர் மூன்றையும் ஒன்றாக்கியிருந்தது. உளி வேண்டாம் என்றார். மண்டியிட்டு, தங்கையின் மணிக்கட்டைப் பல்லால் கடித்து, நார் நாராக இழுத்தார். இரண்டு முடிச்சு வந்தது. மூன்றாவதுதான் வரவில்லை. அந்த மூன்றாவதில் கடிக்கும்போதுதான் அவர் கண்ணீர் அவள் கையில் விழுந்தது. ஒரு வருஷமாக அழாத அங்கம்மாவும் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் கொடி ஏறியது. திருவிழா முடிந்த அன்று வெள்ளையம்மா யாரையும் கேட்காமல் ஏழு கோழி அடித்தாள்.

இத்தோடு போராட்டம் முடிந்ததென்று நினைக்காதீர்கள். பாதிரியாரும் லேசில் விடவில்லை. ஞானஸ்நானம் என்ற பேச்சை எடுத்தபோது அங்கம்மா மரியாதையாக எழுந்து வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று தடவை போனார்கள், மூன்று தடவையும் வண்டியில் உட்கார்ந்தாள். கடைசியில் அவர் மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வாங்கினார். தை மாதம் நெற்றியில் பொட்டோடு அவள் மாலை மாற்றிக்கொண்டாள். காளியப்பன் கல்யாணத்துக்கு வந்தார். வேதக் கோயில் வாசலுக்கு வெளியே கடைசிவரை நின்றார்.

அடுத்த ஆடியில் கொடி ஏறிய நாள், காப்பு வரிசையின் கடைசியில் ஈரச் சேலையோடு அங்கம்மா வந்து நின்றாள். சவரிமுத்து எல்லைக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். காளியப்பன் மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தார். தங்கையின் மணிக்கட்டில் பழைய காப்பு இருந்த இடம் இன்னும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. வளையல் போட்டு அவள் அதை மறைத்திருக்கவில்லை.

அத்தனை வருஷப் பூசாரித்தனத்தில் முதல் தடவையாக, காளியப்பன் தன் சட்டத்தைத் தானே மீறினார். "என்ன வேண்டுதல்? சொல்லு. அப்புறம் கட்டறேன்" என்றார்.

"சொன்னா பலிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அங்கம்மா, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

காளியப்பன் அவளையே பார்த்தார். எல்லைக்கு வெளியே நின்றவனையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து கட்டினார். எத்தனை முடிச்சு போடுகிறார் என்று தோட்டமே எட்டிப் பார்த்தது.

மூன்று.